சோற்றுப் பருக்கைத் தடயம்

காய்ந்து மஞ்சளடித்து, பழுப்புக் காகிதத்தின் ஓரத்தில் தட்டையாக ஒட்டியிருந்தது ஒரே ஒரு சோற்றுப் பருக்கை. அதை ஒட்டியவள் நான். அதற்குப் பழி சுமந்தவர் வேறொருவர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மர்ம நாவல் மாதிரி உங்களைக் கடைசிப் பக்கம்வரை இழுத்தடிக்கிற ஆசையெல்லாம் எனக்கு இல்லை. அந்த விளையாட்டை நாங்கள் ஐந்து பேர் போதும் போதும் என்கிற அளவுக்கு ஆடித் தீர்த்தோம். இப்போது நினைத்தாலும் எரிச்சலாக வருகிறது. எரிச்சலில் பாதி அவர்கள்மேல், மீதி என்மேல்.

எங்கள் வாசகர் வட்டம் மலேசியாவில், கோலா சிலாங்கூரில், ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர் ஒருவரின் வீட்டில், மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் கூடும். பழைய துப்பறியும் நாவல்கள் மட்டும்தான் வாசிப்போம். வேறு எதையாவது கொண்டுவந்தால் அந்தத் தலைமையாசிரியர் ஐயா மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார். அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும். அவருடைய அலமாரியில் அந்தக் காலத்தில் கப்பலில் வந்த நாவல்கள் வரிசையாக நின்றன. அட்டை போனவை, செல்லரித்தவை, ஒரு விலாசமும் தெரியாத மொழிபெயர்ப்புகள். எல்லாமே ஒற்றைப் பிரதிகள். அதனால் ஒரு நாவலை மாதம் முழுக்க வீடு வீடாகச் சுற்ற விடுவோம். முதலில் மிஸ்ஸி. அரசாங்க கிளினிக்கில் தாதியாக இருந்தவர். ஊரே அவரை அப்படித்தான் கூப்பிடும். பிறகு காப்புறுதிப் பாலிசி விற்கும் அண்ணன் ஒருவர். மூன்றாவதாக நான், ரவாங் தொழிற்சாலை ஒன்றில் சரக்கு அனுப்பும் பிரிவில் கணக்கெழுதும் கிராணி, குடியிருப்பது புஞ்சாக் ஆலாமில். கடைசியாக, நான் அக்கா என்று கூப்பிடும் ஒருவர்.

இதில் ஐயா ஒரு வழக்கம் வைத்திருந்தார். நாவல் கைமாறுவதற்கு முன்பே கடைசி அத்தியாயத்தை மட்டும் பழுப்புக் காகிதத்தால் சுற்றி, பசை தடவி ஒட்டி, காகிதம் சேரும் இடத்தில் குறுக்காகக் கையெழுத்துப் போட்டுவிடுவார். நாங்கள் அதுவரைக்கும்தான் படிக்க வேண்டும். படித்ததும் கொலைகாரன் யார் என்று துண்டுச் சீட்டில் எழுதி, மடித்து, கூட்டத்தன்று அவரிடம் கொடுக்க வேண்டும். ஐயா எல்லா நாவல்களையும் முன்பே படித்தவர், ஆகவே அவர்தான் நீதிபதி. சரியாக எழுதியவர் எப்படிக் கண்டுபிடித்தார் என்று விளக்க வேண்டும். அதற்குப் பிறகு ஐயா காகிதத்தைக் கத்தரித்து, வானொலி நாடகக் குரலில் கடைசி அத்தியாயத்தை வாசிப்பார். சரியாகச் சொன்னவருக்கு அடுத்த மாத நாவலைத் தேர்ந்தெடுக்கும் உரிமை. பரிசு அவ்வளவுதான். ஆனால் அதற்காக நாங்கள் அடித்துக்கொண்ட கூத்து இருக்கிறதே!

அக்கா, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்குகிறவர். குலை வெட்டும்போது மரத்தடியில் சிதறுகிற பழங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மூட்டை கட்டுகிற வேலை. நாள் முழுக்கக் குனிந்தே இருக்க வேண்டும். அதற்கு முன்னால் சில ஆண்டுகள் மேனேஜர் பங்களாவில் வீட்டு வேலை செய்தவர். படிப்பு ஆறாம் வகுப்போடு நின்றது. கிளினிக்கில் மருந்துக்குக் காத்திருந்த நேரத்தில் அட்டையில்லாத ஒரு நாவலில் மூழ்கி, தன் எண்ணைக் கூப்பிட்டதுகூடக் காதில் விழாமல் உட்கார்ந்திருந்தாராம். மிஸ்ஸிதான் அவரைக் கண்டுபிடித்துக் கூட்டிவந்தார். முதல் நாள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். ஐயா, "சும்மா கேட்டுக்கிட்டு இருங்கம்மா, போகப் போகப் புரியும்" என்றார். அக்கா தலையாட்டினார்.

அடுத்த கூட்டத்திலேயே சீட்டில் சரியான பெயர் எழுதியது அவர் ஒருவர்தான். குருட்டு யோகம் என்று காப்புறுதி அண்ணன் சிரித்தார். அடுத்த மாதமும் சரி. மூன்றாவது மாத நாவலில் கொலை நடந்த வீட்டுக்கு ஒரு டாக்டர் வருவார். அன்றைக்குத்தான் அந்த வீட்டுக்குள் முதன்முதலாகக் கால் வைப்பதாகச் சொல்வார். நாங்கள் மூவரும் தோட்டக்காரன்மேல் கையை நீட்டினோம். அக்கா எழுதியது டாக்டர். ஏன் என்று கேட்டதற்கு, "பொணத்த பாத்துட்டு அவரு கை கழுவப் போறாருங்கய்யா. வேலக்காரி அங்கதான் நிக்கறா. குழாய் எங்கன்னு அவகிட்ட கேக்கவே இல்ல, நேரா பின்கட்டுக்குப் போறாரு. புது வீட்டுல யாரு அப்படிப் போவா?" என்றார். கேட்டதும் எனக்கு மயிர்க்கால் சிலிர்த்தது. அந்த வரியை நானும்தான் படித்தேன். கண் அதன்மேல் ஓடிப் போயிருந்தது.

இப்படிப் பதினோரு மாதங்கள். ஒருமுறைகூட அவர் தவறவில்லை. தொடக்கத்தில் கைதட்டினோம். பிறகு "பரவாயில்லையே" என்று இழுத்தோம். அப்புறம் அதையும் விட்டுவிட்டோம். அவர் விளக்கம் சொல்லத் தொடங்கினால் மிஸ்ஸி அடுப்படிக்கு எழுந்து போவார், அண்ணன் கைப்பேசியை எடுப்பார். ஐயாவுக்கு மட்டும் முகத்தில் ஒரு கடுப்பு ஏறிக்கொண்டே வந்தது. நாற்பது ஆண்டுகள் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவர், அந்த நாவல்களை ஐந்தாறு தடவை படித்தவர். அவர் கண்ணுக்குத் தப்பியதெல்லாம் பழம் பொறுக்குகிற ஒருத்தியின் கண்ணில் பட்டால் அவரால் எப்படித் தாங்க முடியும்? எனக்கு வந்தது பொறாமை. மூடி மறைக்க ஒன்றுமில்லை, பச்சைப் பொறாமை. கிராணி உத்தியோகம், சொந்தக் கார், ஆறாம் படிவச் சான்றிதழ், இத்தனையும் வைத்துக்கொண்டு எட்டு மாதம் தொடர்ந்து தப்பாக எழுதியவள் நான்.

பன்னிரண்டாவது மாத நாவல் மலைப் பங்களா ஒன்றில் நடக்கும் கதை. பணக்காரப் பெரியவர் ஒருவர் பட்டப்பகலில் கொல்லப்படுகிறார். வீட்டில் ஆறேழு பேர் இருக்கிறார்கள். நான் இரண்டு தடவை படித்தும் பிடி கிடைக்கவில்லை. ஒரு சனிக்கிழமை மதியம், வெளியே மழை. சமையல் மேசைமேல் சோற்றுப் பானைக்குப் பக்கத்தில் நாவலை வைத்திருந்தேன். பானையின் ஆவி பட்டு, பழுப்புக் காகிதத்தின் ஒரு முனை தானாகவே மேலெழும்பியிருந்தது. தானாக எழும்பியது முனை மட்டும்தான். மீதியைக் கிளப்பியது என் விரல்.

படித்தேன். கொலை செய்தது அந்த வீட்டில் எல்லோரும் அண்ணி என்று கூப்பிடுகிற பெண். பெரியவரோடு கைகலந்தபோது தேநீர்க் கெட்டில் சரிந்து அவள் மணிக்கட்டில் சூடு பட்ட தழும்பு, அதை வைத்துத்தான் துப்பறிவாளர் அவளைப் பிடிக்கிறார். படித்து முடித்ததும் பயம் வந்தது. மறுபடி ஒட்ட வேண்டும். பசைப் புட்டி இழுப்பறையில்தான் இருந்தது, ஒரு அடி தூரத்தில். ஆனால் என் கை பானைக்குப் போனது. நான்கு பருக்கையை எடுத்து நசுக்கித் தேய்த்து ஒட்டினேன். ஓரத்தில் ஒன்று சரியாக நசுங்காமல் நின்றதை நான் கவனிக்கவில்லை. பெஸ்தாரி ஜெயா பக்கத்துத் தோட்டத்தில், தொழிலாளர் லயத்து வீட்டில் வளர்ந்தவள் நான். பள்ளிப் புத்தகத்துக்கு அட்டை போட்டாலும், காற்றாடி கட்டினாலும் எங்களுக்குச் சோறுதான் பசை. சின்ன வயதுப் பழக்கம் கையை விட்டுப் போகவில்லை.

கூட்டத்தன்று ஐயா சீட்டுகளைப் பிரித்தார். இரண்டு பேர் சரி. ஒன்று அக்கா, இன்னொன்று நான். அட, என்ன வரவேற்பு எனக்கு! "பாத்தீங்களா, படிச்ச மூளை சும்மா இருக்குமா?" என்று அண்ணன் மேசையைத் தட்டினார். மிஸ்ஸி என் தோளைப் பிடித்துக் குலுக்கினார். எப்படிக் கண்டுபிடித்தாய் என்று ஐயா கேட்டார். "அவ மணிக்கட்டுல இருந்த தழும்பு..." என்று உளறினேன். ஐயா கண்ணை மூடி, சங்கீதம் கேட்பவர்போலத் தலையாட்டினார். கைதட்டல். அந்தத் தழும்பு கடைசி அத்தியாயத்துக்கு முன்னால் எந்த இடத்திலும் வரவில்லை. வருடம் முழுக்கத் தடயம் தடயம் என்று பேசிய மூன்று மேதாவிகளில் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை. அக்கா மட்டும் சட்டென்று நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் தேநீர்க் கோப்பையைப் பார்த்தேன்.

அடுத்து அக்காவின் முறை. அவர் சொல்ல வாயெடுத்தபோது ஐயா நாவலைக் கையில் எடுத்துவிட்டார். காகிதத்தைக் கத்தரிக்கப் போனவர் நின்றார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நகத்தால் அந்தப் பருக்கையைச் சுரண்டி எடுத்து, உள்ளங்கையில் வைத்து எங்களுக்குக் காட்டினார். அப்புறம் எழுந்து நின்றார் பாருங்கள், நாவலின் கடைசி அத்தியாயத்திலிருந்தே இறங்கி வந்தவர்போல! கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார். "யாரோ திறந்திருக்காங்க. கடைசியா புத்தகம் யார் வீட்டுல இருந்துச்சு?" என்றார். "நம்ம எல்லார் வீட்டுலயும் பசை இருக்கு. எதையும் சோத்த வெச்சு ஒட்டற பழக்கம் இன்னும் எந்த மாதிரி வீட்டுல இருக்கு?" அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "பதினோரு மாசம் ஒரு தடவகூட தப்பே வரல. எனக்கு அப்பவே ஒரு சந்தேகம்."

அக்கா, "நான் தொறக்கலங்கய்யா" என்றார். ஒரே ஒரு தடவை. மிஸ்ஸி, "சரி விடுங்கலா, ஆசையில பாத்திருப்பாங்க" என்று பெரிய மனது பண்ணினார். அந்தப் பெருந்தன்மைதான் எல்லாவற்றையும்விடக் கேவலம். அக்கா சுற்றி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். என் முகத்துக்கு வந்ததும் கொஞ்சம் நின்றார். என் வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? நான்தான் என்று ஒரு வார்த்தை சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொல்லவில்லை. அவர் எழுந்து, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, வெயிலில் பேருந்து நிலையத்துக்கு நடந்தார். அவர் போனபின் ஐயா தொண்டையைச் செருமிக்கொண்டு கடைசி அத்தியாயத்தை வாசித்தார். தழும்பு வந்தது. அப்போதும் ஒருவரும் என் பக்கம் திரும்பவில்லை. அடுத்த மாத நாவலைத் தேர்ந்தெடுத்தது நான்.

அங்கே உட்கார்ந்திருந்த யார் வீட்டில் சோற்றால் ஒட்டவில்லை? ஐயாவின் அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். அதை அவரே மேடைக்கு மேடை பெருமையாகச் சொல்வார். மிஸ்ஸி பிறந்தது லயத்தில். அண்ணனின் அம்மா இன்னும் தோட்டத்து வீட்டை விட்டு வர மாட்டேன் என்கிறார். பசைப் புட்டி வாங்க ஆரம்பித்து இருபது ஆண்டு ஆகியிருக்குமா? அதற்குள் ஒரு பருக்கையைப் பார்த்ததும் 'அந்த மாதிரி வீடு' என்று சொல்ல எங்களுக்கு நாக்கு வளைந்துவிட்டது.

மூன்று ஆண்டுகள் ஓடின. வட்டம் நடந்தது, நானும் போய்க்கொண்டுதான் இருந்தேன். போன மாதம் பள்ளி ஒன்றில் நூலக அறை திறப்பு விழா. ஐயா பேச்சாளர். துப்பறியும் நாவல் படித்தால் புத்தி கூர்மையாகும் என்று பேசிக்கொண்டு போனவர், "எங்க வட்டத்திலேயே ஒரு திருட்ட நாங்க கண்டுபிடிச்சோம்" என்று ஆரம்பித்தார். சோற்றுப் பருக்கை, பசை, உள்ளங்கை, எல்லாவற்றையும் நடித்தே காட்டினார். பெயர் சொல்லவில்லை. "தோட்டத்துல பழம் பொறுக்கற ஒரு அம்மா" என்றார். அந்த வட்டாரத்தில் நாவல் படிக்கிற, பழம் பொறுக்குகிற அம்மா எத்தனை பேர்? கூட்டம் குலுங்கிச் சிரித்தது. எனக்கு உடம்பெல்லாம் தீப்பிடித்தது. அந்த மேடையிலேயே ஏறிக் கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை. என் கோபத்துக்கு எப்போதும் கால் மட்டும் வருவதில்லை.

மறுநாள் காலை அக்காவின் வீட்டுக்குப் போனேன். கதவருகே உட்கார்ந்து மீன் கழுவிக்கொண்டிருந்தார். உள்ளே வா என்று சொல்லவில்லை. நின்றபடியே சொன்னேன், அழுதும்விட்டேன். அவர் மீனை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.

"தெரியும். தழும்புன்னு சொன்ன பாரு, அப்பவே தெரியும்" என்றார்.

"அப்ப ஏன்க்கா சொல்லல?"

"நான் சொன்னா யாரு நம்புவா? உன் வீட்டுலதான் பசை இருக்கே."

முந்தைய நாள் மேடைப் பேச்சு அவர் காதுக்கும் வந்திருந்தது. அந்தக் கூட்டத்தில் அவருடைய மருமகளும் உட்கார்ந்திருந்தாளாம். "இப்பவும் படிக்கிறேன். வாரத்துக்கு ஒண்ணு. முடிச்சா பேசறதுக்கு ஆளில்ல. மருமககிட்ட சொன்னா சிரிக்கிறா, கடைசிப் பக்கத்த மொதல்ல பாத்தீங்களா அத்தேன்னு கேக்கறா" என்றார். கையைக் கழுவிக்கொண்டு எழுந்து, முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார். "எங்கிட்ட வந்து அழுது என்னா புண்ணியம்? எங்க வெச்சு எம்பேரு போச்சோ, அங்க போய்ச் சொல்லு."

சொன்னேன். கடந்த ஞாயிற்றுக்கிழமை, அதே அறையில், ஐயா சீட்டு கேட்டபோது எழுந்து நின்று சொன்னேன். பானை, ஆவி, விரல், பருக்கை, தழும்பு, ஒன்றையும் விடவில்லை. காறித் துப்புவார்கள், வெளியே போ என்பார்கள் என்று எதிர்பார்த்தேன். அதற்குத் தயாராகத்தான் போயிருந்தேன்.

அவர்கள் சிரித்தார்கள்.

"அட, இதுக்கா இப்படி நடுங்கற?" என்றார் மிஸ்ஸி. "அந்த வருஷம் நான்கூட ரெண்டு மூணு தடவ பாத்திருக்கேன்லா. ஊசி விட்டு மெதுவா கெளப்புனா ஒண்ணுமே தெரியாது." காப்புறுதி அண்ணன் காதுவரை சிவந்துபோய், "நானும் ஒரு தடவ. சந்தேகம் வரக்கூடாதுன்னு வேணும்னே தப்பா எழுதிக் குடுத்தேன்" என்றார். மறுபடி சிரிப்பு. ஐயா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "மனுஷ சுபாவம்தானே. விடும்மா, பழைய கதை" என்றார். அந்த ஒரு வருடத்தில் கடைசி அத்தியாயத்தைத் திறக்கவே திறக்காதவர் அக்கா ஒருவர்தான்! அவர் செய்ததாக நினைத்தபோது அது திருட்டு, மூன்று வருடம் கழித்தும் மேடையில் நடித்துக் காட்ட வேண்டிய குற்றம். நாங்கள் செய்தால் மனித சுபாவம்.

"அப்ப வாங்க, எல்லாரும் அக்கா வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேப்போம்" என்றேன். சிரிப்பு நின்றது. ஐயா, "அவங்கள யாரு போகச் சொன்னா? அவங்களாதானே கோவிச்சிக்கிட்டுப் போனாங்க" என்றார். அவ்வளவுதான், எனக்குப் பொறுக்கவில்லை. அந்த வீட்டில் நான் அதுவரை பேசாத குரலில் கத்தினேன். என்ன சொன்னேன் என்று பாதி நினைவில்லை. வெட்கம் இல்லையா என்று கேட்டது மட்டும் நினைவிருக்கிறது. கத்திக்கொண்டே அக்காவைக் கைப்பேசியில் அழைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி மேசைமேல் வைத்தேன்.

"சொல்லிட்டேன்க்கா."

"எல்லாரும் இருக்காங்களா?"

"இருக்காங்க."

"என்னா சொன்னாங்க?"

"சிரிச்சாங்க."

பிறகு அக்காவின் குரல் வந்தது, அவசரமில்லாமல். "வாத்தியாரய்யா, அன்னிக்கு நான் எப்படிக் கண்டுபுடிச்சேன்னு நீங்க கேக்கவே இல்ல. இப்ப சொல்றேன், கேட்டுக்குங்க. பெரியவரு செத்தது மத்தியானம் மூணு மணி. அப்ப நான் கொல்லையில கம்பளிப் போர்வை தொவச்சேன்னு அந்த அண்ணி சொல்றா. நாலு மணிக்கு மழை புடிச்சிக்கிது. வெளக்கு வெக்கற நேரத்துல, துப்பறிய வந்தவரு குளுருதுங்கறாரு, அதே போர்வைய கொண்டாந்து குடுக்கறா. ஓரத்துல செவப்புத் தையல்னு ரெண்டு எடத்துலயும் எழுதியிருக்கு, பாருங்க. கம்பளி தொவச்சா வெயில்லயே ரெண்டு நாளாவும். பங்களாவுல அஞ்சு வருஷம் தொவச்ச கைங்கய்யா இது. அப்ப அவ தொவைக்கவே இல்ல. மூணு மணிக்கு அவ எங்க இருந்தா? அவ்ளோதான். இதுக்கு எதுக்கு எனக்குக் கடைசி அத்தியாயம்?"

ஐயா எழுந்து அலமாரியிலிருந்து அந்த நாவலை எடுத்தார். பக்கங்களைப் புரட்டினார். நின்ற இடத்திலேயே படித்தார். இன்னொரு பக்கத்துக்குப் போனார். நாவலை எழுதியவருக்கே தெரியாத தடயம் அது. கடைசி அத்தியாயத்தில் போர்வையைப் பற்றி ஒரு சொல்கூடக் கிடையாது. ஐயா நாவலை மூடி மேசைமேல் வைத்தார். மிஸ்ஸிதான் கைப்பேசிப் பக்கம் குனிந்து, "எவ்ளோ அழகா சொல்றீங்க! நீங்க மறுபடியும் வாங்கலா, ஒண்ணா படிக்கலாம்" என்றார்.

"வரமாட்டேன்" என்றார் அக்கா. "இனிமே எந்த மேடையிலயும் எங்கதைய பேசாதீங்க." பிறகு, "தங்கச்சி" என்றார்.

"சொல்லுங்கக்கா."

"நீ சொல்லிட்ட, சரி. மூணு வருஷம் வாய மூடிக்கிட்டு அவங்ககூட உக்காந்து தின்ன. அந்தாளு மேடையில பேசலன்னா சாவற வரைக்கும் சொல்லியிருக்க மாட்ட. எங்க வீட்டுப் பக்கம் இனிமே வராத."

இணைப்பு அறுந்தது. அவர் சொன்னதில் எதையும் நான் மறுக்க முடியாது. கொஞ்ச நேரம் கழித்து மிஸ்ஸி, நடுவில் இருந்த, வாழைப்பழத்தைப் பொரித்த பீசாங் கோரேங் தட்டை என் பக்கமாக நகர்த்தி, "சாப்பிடு, ஆறிப்போவுது" என்றார்.